கடைசி வளைவுக் கும்மாளம்

மகள் ஏதோ தேர்வுக்கு ஆங்கிலம் படிக்கிறாள். நேற்று சாயங்காலம் ஏலக்காய் தட்டிப்போட்ட டீயை என் கையில் கொடுத்துவிட்டு, "ரெவல்ரின்னா என்னப்பா?" என்றாள். "கும்மாளம்" என்றேன். செல்போனைப் பார்த்தாள். "சரிதான். ஆனா பிரெஞ்சு வழியா வந்த லத்தீன் வார்த்தையாம். மூல அர்த்தம் எதிர்த்துக் கலகம் பண்றதாம். கும்மாளத்துக்கும் கலகத்துக்கும் என்னப்பா சம்பந்தம்?" எனக்குத் தெரியும். சொல்லத்தான் அலுப்பாக இருந்தது. டீ வாசனை சும்மா இருக்கவிடவில்லை, உங்களிடமாவது சொல்கிறேன்.

அந்த வாசனை என் சட்டையில் ஏழு வருஷம் குடியிருந்தது. போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை, அதாவது பெண்களைக் காலையில் ஜீப்பில் ஏற்றிப்போய் சாயங்காலம் கூட்டி வருவது. நான் முன்சீட்டில் ராஜா மாதிரி. பின்னால் பன்னிரண்டு பேர் நசுங்கிக்கொண்டு. நாள் முழுக்கக் குனிந்து காயெடுத்த முதுகு எல்லோருக்கும். இருந்தும் மலையிறங்கும்போது கடைசி வளைவு திரும்பிக் கீழே போடி ஊர் தெரிந்ததும் குலவை, கூச்சல், சிரிப்பு. தலைமை செல்லத்தாயி அக்கா.

ஒருநாள் என் பேன்ட்டுக்குள் அட்டைப்பூச்சி ஏறிவிட்டது. நான் குதித்த குதியை அக்கா ஜீப்புக்குள் உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டினாள். டிரைவர்கூடச் சிரித்தான். எனக்கு வந்ததே கோபம்!

"மொதலாளி ஏசுறாரு. இனி சத்தம் கேட்டுச்சு, வண்டியில எடமில்ல" என்றேன். முதலாளி பாவம், ஒன்றுமே சொல்லவில்லை.

"நாங்க சிரிச்சா செடியில காயி உதுந்துருமா தம்பி?" என்றாள் அக்கா. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் கடைசி வளைவில் ஒரு சத்தமில்லை. அடக்கிவிட்டேன் என்று நினைத்தேன், மடையன். நான் மலையடிவாரத்தில், முந்தலில் இறங்கிக்கொள்வேன், ஜீப்பு ஊருக்குள் போகும். இறங்கி நாலு எட்டுத்தான் வைத்திருப்பேன், பின்னால் கிளம்பியது பாருங்கள் ஒரு குலவை! அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். நான் இறங்கும்வரை பொறுத்திருந்து சிரித்தார்கள். மன்னிப்புக் கேட்க எத்தனையோ நாள் வாயெடுத்து விழுங்கியிருக்கிறேன். கேட்காமலே வேலையை விட்டேன். அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

போன வாரம் முந்தலில் பஸ்சுக்கு நின்றிருந்தேன். மலையிலிருந்து ஒரு ஜீப்பு இறங்கி வந்தது, பின்னால் நிறையப் பெண்கள். ஒருத்திக்கும் என்னைத் தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி, வாய் திறக்காமல் போய்விட்டார்கள்.

நான்தான் எப்போதோ இறங்கிவிட்டேனே, தாயீ.