பாவா வைத்த பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை முழுசாக வீடு திரும்பினேன். இந்த வாரம் இந்தப் பத்தி உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால், அதற்கு என் பாவாதான் காரணம்.

பாவா என்றால் அக்கா புருஷன். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். சோழவரத்தில் கால் மைல் பைக் ரேஸுக்கு நான் பெயர் கொடுத்ததும், வண்டியில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டியைப் பொருத்தினார். கிளம்பும்போது பின்சக்கரம் வழுக்கிச் சுழன்றால் இன்ஜின் கத்தும் இல்லையா? அந்த நொடியே பெட்டி ஸ்பார்க்கைக் கட் பண்ணி அடக்கிவிடும். வேண்டாம் என்றால் அணைக்க, ஹேண்டில்பாரில் ஒரு ஸ்விட்ச்.

இதற்குத்தான் டீக்கடையில் அத்தனை சண்டை! பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் ஓட்டும் என் சிநேகிதன் மணி ஆரம்பித்தான்.

"பொட்டியே ஓட்டும்னா நீ எதுக்குடா? மூட்ட கணக்கா குந்திகினு வர்றதுக்கா?"

பாவா விடவில்லை. "ஏம்பா, நூல் அறுந்தா உன் தறி தானா நிக்குதே... அப்ப நெய்யறது நீயா, தறியா?"

"என் தறி ரேஸுக்குப் போவல நைனா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்த 'மூட்டை' உறைத்தது.

ஞாயிறு காலை, ஸ்டார்ட்டிங் லைன். ரேஸ் ஆபீசர் பெட்டியைக் குனிந்து பார்த்தார். ரூலில் இதைப் பற்றி ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அக்கா, மலைக்கோயில் விபூதியோடு. பாவா பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். நம்ம ஊரில் பழம் நசுக்காமல் எந்த வண்டி கிளம்பியிருக்கிறது?

அவர் நகர்ந்ததும் சத்தமில்லாமல் ஸ்விட்ச்சை அணைத்தேன். ஜெயித்தால் நான்தான் ஜெயிக்க வேண்டும் — பெட்டி இல்லை!

கொடி இறங்கியது. பழம் நசுங்கியது. அந்தச் சாற்றிலேயே சக்கரம் வழுக்கிச் சுழல, வண்டி நேராக அக்கா நின்ற பக்கம் பாய்ந்தது. எனக்கு ஆக்ஸிலேட்டரை விடக்கூடத் தோன்றவில்லை.

டப்... டப்... இன்ஜின் இருமியது. சக்கரம் அடங்கித் தரையைப் பிடித்தது. கயிற்றுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி என் பேச்சைக் கேட்டுத் திரும்பியது.

அணைத்த பெட்டி எப்படி வேலை செய்தது? ரேஸ் முடிந்ததும் பாவாவிடமே கேட்டேன்.

"உன் கை சும்மா இருக்காதுன்னு தெரியும் மச்சான். அதான் ஸ்விட்ச்சுக்கு ஒயரே குடுக்கல" என்றார் பாவா.

அக்கா முறைத்தாள். "பழத்த வச்சதும் நீங்கதான?"

"ஆங்... அது சாமி விஷயம்."

ஓட்டுகிறவன் கையா, பெட்டியா என்று டீக்கடையில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசட்டும். என் கோணல் புத்தியையும் கணக்கில் வைத்து ஒரு மனிதர் அந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார். அன்றைக்கு அக்கா முகத்தைப் பார்த்ததும் நன்றி சொல்ல எனக்கு வாயே வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நன்றி பாவா, ரொம்ப நன்றி.

ரேஸ் என்ன ஆயிற்று என்கிறீர்களா? கடைசியாக வந்தேன்.

ஆனால்... வந்தேன்!