காகிதம் சிக்கவில்லை

போன வாரம் பாடாங் செராயில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் பிரிண்டரைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "பேப்பர் சிக்கியிருக்குன்னு சொல்லுது ஆன்ட்டி. உள்ள ஒண்ணுமே இல்ல லா" என்றாள். சூடான பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த வாசனை என் மூக்குக்கு எட்டியது. உள்ளங்கை வேர்த்துவிட்டது. நான் போனது பிரஷர் பார்க்க. நர்ஸ் அளந்து பார்த்துவிட்டு, நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார்.

ஒரு பிரிண்டருக்கா இந்தப் பயம் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

பல வருஷங்களுக்கு முன் நான் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பக்கத்திலேயே யாரோ கழித்துக்கட்டிய பிரிண்டர். இரண்டின் மேலும் பூப்போட்ட துணி போர்த்தியிருப்பேன். எங்கள் வீட்டு வரிசையில் மலாயில் கடிதம் எழுத வேண்டியவர்கள் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பக்கத்து வீட்டு லூர்து அக்கா பெண்டாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பிறந்ததை யாரும் பதியவில்லை. நாற்பது வயதைத் தாண்டியும் கையில் சிவப்பு ஐசிதான், குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை; பிறந்த நாட்டிலேயே வெளியாள். அவர் இங்கேதான் பிறந்தார் என்பதற்கு ஒரே சாட்சி, பிரசவம் பார்த்த தோட்டத்து மருத்துவச்சி. அந்த அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதத்தை என் கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்து வைத்தேன். பிறகு அந்த மருத்துவச்சி இறந்துபோனார். அடுத்து வந்த வெள்ளத்தில் அசல் கடிதமும் கூழாகிவிட்டது. நகல் இருந்தால் கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்று அலோர் ஸ்டார் பதிவு அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். நேர்முகத்துக்கு நாளும் குறித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி.

எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை; ஞாயிறு அலுவலக நாள். எனக்கு ஷிப்டு இல்லாததால் அக்காவை நானே காரில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. கடிதத்தைக் காலையில் அச்சிட்டால் போதும் என்று இருந்துவிட்டேன். அந்தச் சாமர்த்தியத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒன்பது மணிக்கு அக்கா வந்தார். கோயிலுக்குப் போகிற சேலை, கையில் பிளாஸ்டிக் பை. நான் அச்சிடச் சொன்னேன். திரையில் செய்தி வந்தது: காகிதம் சிக்கியுள்ளது. மூடியைத் திறந்தேன். காகிதம் இல்லை. தட்டை உருவிப் போட்டேன், அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே செய்தி. மணி பத்தாகிவிட்டது. அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

செய்தியை அப்படியே இணையத்தில் தேடினேன். பிரிண்டர் உதவி என்று முதலில் தெரிந்த இலவச எண்ணை வீட்டுப் போனில் அழைத்தேன். ஓர் ஆள் மரியாதையான ஆங்கிலத்தில் பேசினான். கம்ப்யூட்டரில் ஏதோ ஒன்றை இறக்கச் சொன்னான், இறக்கினேன். உங்கள் பிரிண்டரில் கோளாறு இல்லை, கம்ப்யூட்டருக்குள் திருடர்கள் புகுந்திருக்கிறார்கள் என்றான்.

"ஏம்மா, நீதான் கையே வெக்கலயே. அது எப்படி நகருது?" என்றார் அக்கா.

திரையில் அம்புக்குறி தானாக ஊர்ந்துகொண்டிருந்தது. என் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தது. என் ஐசி, எங்கள் வரிசைக்காரர்களின் கடிதங்கள், கடைசியில் மருத்துவச்சியின் கையெழுத்து. போனில் அவன் குரல் மாறிவிட்டது. அணைத்தால் எல்லாம் அழிந்துபோகும், பேங்க் கார்டு எண்ணைச் சொல் என்றான். அணைத்தாலும் போச்சு, அணைக்காவிட்டாலும் போச்சு. எனக்குக் கை எழவில்லை.

லூர்து அக்கா எழுந்து சுவர் சுவிட்சை அணைத்தார். அதற்கு முன் அவர் அந்த மேஜையைத் தொட்டதுகூட இல்லை.

"அக்கா, அழிஞ்சிருந்தா?"

"அழிஞ்சா அழியட்டும். அவன் பாக்க வேணாம்."

வீட்டுப் போன் மறுபடி அடித்தது, நிற்காமல் அடித்தது. அதன் ஒயரையும் இணைய ஒயரையும் பிடுங்கிப்போட்டேன். சுவர் சுவிட்சைப் போட்டு, கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும்வரை இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடிதம் இருந்தது. கடைக்குக் கொண்டுபோய் அச்சிடலாம் என்றால் பென்டிரைவ் கிடையாது. இணையத்தை மறுபடி செருகவோ தைரியம் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஷிப்டில் தினமும் இதே வேலையைத்தான் செய்கிறேன். பெல்ட்டில் ஒன்றும் இருக்காது, மெஷின் அடைத்துக்கொண்டதாகக் கத்தும். சென்சாரைத் துடைப்போம், அடங்கும். டார்ச்சை எடுத்துப் பிரிண்டரின் பின்மூடியைக் கழற்றினேன். காகிதம் வந்தால் சாய்கிற சின்ன நெம்புகோல் ஒன்று சாய்ந்தபடியே நின்றது. அதன் அடியில் காய்ந்துபோன பல்லிக்குட்டி. புருவம் பிடுங்கும் இடுக்கியால் எடுத்தேன். நெம்புகோல் டக்கென்று நிமிர்ந்தது.

மூன்று நகல் அடித்தேன். ஒன்றே போதும்; என் பயத்துக்கு மூன்று தேவைப்பட்டது. மணி பதினொன்றே முக்கால். வழி முழுக்க அக்கா ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தார். அலுவலகத்தில் அவரை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். நான் வெளியே நின்று, போனில் பேசிய ஆள் என் பெயரையும் எங்கள் வீட்டு முகவரியையும் படித்துவிட்டானே என்று நினைத்து நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். பல மாதம் வாசலில் புது மோட்டார் சத்தம் கேட்டாலே ஜன்னல் ஓரம் போய் நிற்பேன். யாரும் வரவில்லை.

குடிமக்களுக்கான நீல ஐசி அக்காவுக்கு வர ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. அடுத்த தேர்தலில் லூர்து அக்கா முதல் தடவையாக ஓட்டுப் போட்டார். நேராக எங்கள் கேட்டுக்கு வந்து, மை வைத்த விரலை நிமிர்த்திக் காட்டினார். பாத்திரம் கழுவினால் போய்விடும் என்று அந்த வாரம் முழுக்கக் கையில் உறை மாட்டிக்கொண்டார். எப்படியும் அந்த மை போய்விட்டது. அதற்கு மறு வருஷம் அக்காவும் போய்ச்சேர்ந்துவிட்டார். அவர் வீட்டில் இப்போது வேறு குடித்தனம். அவர்கள் வந்து மூன்று வருஷமாகிறது, இன்னும் பேர்கூட எனக்குத் தெரியாது.