எப்போதும் ஒன்று குறைவு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை மாலை, ஓசூரை அடுத்த ஜூஜுவாடியில் தொடங்கியது இது.

அங்கே ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். எதையும் பட்டியல் போட்டுச் செய்வது என் வழக்கம். கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். சனிக்கிழமைகளில் நான்கு மணிக்கு, தொழிலாளர் குடியிருப்பின் பொது அறையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வந்தேன். வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது என்று பேசுகிற பிள்ளைகள். என்னிடம் தமிழில் எல்லாவற்றையும் கலந்து பேசுவார்கள்.

வகுத்தலை வாய்ப்பாட்டிலிருந்து தொடங்க எனக்கு விருப்பமில்லை. சிமென்ட் தரையில் பூஜ்ஜியம் முதல் முப்பது வரை சாக்பீஸால் கட்டம் போட்டேன். ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம். இருபதை நான்கால் வகுக்க வேண்டுமென்றால், பூஜ்ஜியத்தில் நின்று நான்கு நான்கு கட்டமாகத் தாவ வேண்டும். நான்கு, எட்டு, பன்னிரண்டு என்று மற்றவர்கள் கத்துவார்கள். தாவுகிற பிள்ளை, எத்தனையாவது தாவல் என்பதை மட்டும் எண்ணிக்கொண்டு போக வேண்டும். இருபதுக்கு வரும்போது எந்த எண் வாயில் இருக்கிறதோ அதுதான் விடை.

அந்த வருடம்தான் கெலமங்கலம் பக்கத்திலிருந்து வந்திருந்தாள் ஒரு சிறுமி. அப்பா ஊரிலேயே விவசாயம். அம்மாவுக்கு இங்கே ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. தன் முறை வந்ததும் நான்காம் கட்டத்துக்குத் தாவி, "லாபம்!" என்று கத்தினாள். அப்புறம் "ரெண்டு, மூணு" என்று போய்க்கொண்டே இருந்தாள். அறையே சிரித்தது.

"அக்கா, இவ கட போட்டுட்டாக்கா!" என்றாள் வகுப்பின் வாயாடி.

விளையாடுகிறாள் என்று நானும் சிரித்துவிட்டேன். "லாபமெல்லாம் சொல்லக் கூடாது. ஒண்ணுல இருந்து எண்ணணும்" என்றேன். தலையாட்டினாள். சிரிப்புச் சத்தத்தில் அவள் கடைசியாகச் சொன்னது 'அஞ்சு' என்பதையோ, அது சரியான விடை என்பதையோ நான் கவனிக்கவே இல்லை. அன்றிலிருந்து அவளுக்கு வகுப்பில் 'லாபம்' என்றே பெயராகிவிட்டது.

அடுத்த மூன்று வாரமும் அவள் சொன்னதெல்லாம் தப்பு. தாவினாலும் தப்பு, தாளில் போட்டாலும் தப்பு. நோட்டில் மூன்று காரணம் எழுதினேன். கவனம் இல்லை. கட்டம் தவறுகிறது. வகுத்தல் இன்னும் புரியவில்லை. மூன்றாவதை அடிக்கோடிட்டு, புதன்கிழமை நடக்கும் இரண்டாம் வகுப்புக் கூட்டல் குழுவுக்கு அவளை மாற்றிவிடலாம் என்று அவளுடைய அம்மாவிடம் சொன்னேன்.

"புதங்கெழமையா? எனக்கு அன்னிக்கி செகண்ட் ஷிப்டு மேடம். அந்த ஹைவேயத் தாண்டி யாரு கூட்டியாருவா? அப்ப கிளாஸ விட்டே நின்னுக்கட்டும், விடுங்க."

கோபமில்லாமல்தான் சொன்னார். அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, செருப்பால் தரையைத் தேய்த்தபடி நின்றிருந்தாள் அவள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த வாரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

வீட்டுக்கு வந்து அவளுடைய தாள்களை வரிசையாக அடுக்கினேன். பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் மூன்று என்று எழுதியிருந்தாள். இருபதை ஐந்தால் வகுத்தால் மூன்று. பதினெட்டை ஆறால் வகுத்தால் இரண்டு. இருபத்துநான்கை நான்கால் வகுத்தால் ஐந்து. எல்லாமே தப்பு, ஆனால் எல்லாமே சரியாக ஒன்று குறைவு. புரியாத பிள்ளையின் தப்பு இப்படி ஒழுங்காக வராது, சிதறித்தான் வரும். தொழிற்சாலையில் ஒரு அளவுக்கருவி ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தவறிக் காட்டினால் நாங்கள் அதைத் தூக்கிப் போடுவதில்லை. அதன் பூஜ்ஜியம் எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்ப்போம். இவளுடைய பூஜ்ஜியம் எங்கே நகர்ந்தது? அந்த வாரம் முழுக்க, சாப்பிடும்போதும் கம்பெனி பஸ்ஸிலும் இதே யோசனைதான்.

சனிக்கிழமை அரைமணி நேரம் முன்னதாக வரச்சொன்னேன். அம்மா வாசலில் உட்கார்ந்துகொண்டார். நான் தரையில் குந்தி, இந்த முறை அவள் காலைப் பார்க்காமல் வாயைப் பார்த்தேன். முதல் தாவல். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாவது தாவலில்தான் "ஒண்ணு" என்றாள்.

"மொதல்ல தாவுனப்போ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"வாய் அசைஞ்சுதே?"

அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கதான சொல்லக் கூடாதுன்னீங்க? அதான் மனசுக்குள்ள சொன்னேன்."

"என்னத்த?"

"லாபம்."

வாசலில் அம்மா சிரித்துவிட்டார். "அய்யோ மேடம், ராகி அளக்கறப்ப ராசிக்காக மொதப் படிய ஒண்ணுன்னு சொல்ல மாட்டோங்க. லாபம், ரெண்டு, மூணுன்னுதான் போடுவோம். லீவுக்கு ஊருக்குப் போனா மூட்டைய அளக்கறதே இவதான். அவங்கப்பாவக்கூட படியத் தொட வுட மாட்டா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. லாபம் சொல்லாதே என்றேன். சத்தமாகச் சொல்வதை விட்டுவிட்டாள். ஒன்றிலிருந்து எண்ணு என்றேன். லாபத்தை மனதுக்குள் சொல்லி முடித்து, அடுத்த தாவலை ஒன்று என்றாள். நான் சொன்ன இரண்டையுமே கேட்டிருக்கிறாள். "லாபம் சொல்லாம எப்டிக்கா ஆரம்பிக்கறது?" என்று அவள் கேட்டாள். கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்தேன். என் நோட்டில் இருந்த மூன்று காரணமும் அவளைப் பற்றியது. நான்காவதாக என்னை எழுத எனக்குத் தோன்றவே இல்லை.

"சரி, உன் மாதிரியே சத்தமா எண்ணு. இருபத்துநாலு வரைக்கும், நாலு நாலா."

"லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு!"

"லாபம்னா எத்தன படி?"

"ஒரு படிதான்க்கா. இதுகூடத் தெரியாதா?"

ஆர்வம் தாங்காமல் இன்னும் ஒன்று கேட்டேன். மீதி வரும் கணக்கை நான் அதுவரை யாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. "இருபத்தாறுன்னா?" மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து வந்து இருபத்துநான்கில் நின்றாள். முன்னாலிருந்த இரண்டு கட்டங்களைக் குனிந்து பார்த்தாள்.

"ஆறு படி. ரெண்டு மிச்சம். அது படி ரொம்பாது, மொறத்துல போட்டுருவோம்."

நான்கு மணிக்கு மற்றவர்கள் வந்தார்கள். "லாபம் வந்துட்டாடி!" என்று வாயாடி ஆரம்பித்தாள். எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப தப்பு உங்க மேலயாக்கா?" என்றாள் வாயாடி.

"என் மேலதான்."

"மூணு வாரமுமா?"

"மூணு வாரமும்."

அவளுக்கு அதில் பெரிய சந்தோஷம். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "எங்க அத்தாவும் கடையில பொரி அளக்கறப்ப லாபம்னுதான் சொல்வாரு" என்றாள். முதல் நாள் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தவள்தான் அவளும். அன்றைக்கு எல்லோருக்குமே லாபம் சொல்லித்தான் தாவ வேண்டியிருந்தது. யார் முதலில் என்பதில் சண்டை வந்தது. முதலில் ராகி அளக்கிறவள்தான் என்று அவர்களே முடிவு செய்தார்கள். புதன்கிழமைப் பேச்சு அதோடு முடிந்தது. போகும்போது அவளுடைய அம்மாவிடம், "அடுத்த சனிக்கிழமையும் வந்துடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. தொழிற்சாலையில் யாராவது தொடர்ந்து ஒரே மாதிரி தவறு செய்தால், காரணங்களைப் பட்டியல் போடும் முன் 'நான் அவரிடம் என்ன சொன்னேன்?' என்று முதல் வரியில் எழுதிக்கொள்கிறேன். அந்த வரிக்கு மட்டும் ஒன்று என்று எண் போடுவதில்லை. 'லாபம்' என்று எழுதி, அடுத்த வரிக்கு இரண்டு என்று போடுகிறேன். ஏனென்றால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் தொடங்கிய கணக்கில்தான் ஒரு பிள்ளையை இழக்கப் பார்த்தேன்.