ஆறு டப்பா வெங்காயமும் ஒரு அமாவாசையும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இரண்டு கிலோ வெங்காயம் உரித்தேன். யாரும் உரிக்கச் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு நானாகவே உரித்தேன்.

ஏன்? வீம்பு.

முந்தின நாள் சாயங்காலம் எதிர் வீட்டு ஸ்டெல்லா கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். அவளும் என் மனைவி வசந்தாவும் கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனி. வண்டிகளுக்கு வயரிங் செட் செய்கிற இடம். வேலையில் ஒரே லைன், கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். வசந்தா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

“அண்ணா, அக்காவுக்கு சூப்பர்வைசர் போஸ்ட்டு குடுக்கிறாங்க. உங்ககிட்ட சொல்லுச்சா?”

“இல்லையேம்மா.”

“சொல்லாது. வேணாம்னு சொல்லப் போவுதாம். வியாழக்கிழமைக்குள்ள பதில் குடுக்கணும். நீங்களாவது கேளுங்கண்ணா.”

பதினாலு வருஷம் அந்த லைனில் நின்ற கால்கள் வசந்தாவுடையவை. புதிதாகச் சேருகிற பெண்களுக்கு வேலை கற்றுக் கொடுப்பதே அவள்தான். அவளிடம் கற்றுக்கொண்ட இரண்டு பேர் சூப்பர்வைசர் ஆகிவிட்டார்கள். இப்போது தன் முறை வரும்போது வேண்டாமாம். எனக்கு வந்ததே கோபம்... பையோடு உள்ளே வந்தவளை நிற்க வைத்தே கேட்டேன்.

“சூப்பர்வைசர்னா அடுத்த ஷிப்டுகிட்ட லைனை ஒப்படைச்சிட்டுத்தான் கெளம்பணும். ஊட்டுக்கு வர ஏழரை ஆவும். யாரு கொயம்பு வைக்கிறது?” என்றாள்.

குழம்பு! பதினாலு வருஷ உழைப்பு ஒரு சட்டிக் குழம்பில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? ரிட்டயராகி எட்டு மாதமாக, அவள் சாயங்காலம் வந்து வைக்கிற குழம்பை ராத்திரி சாப்பிட்டு, மறுநாள் மத்தியானம் சூடு பண்ணியும் சாப்பிட்டவன் நான். பத்திரிகைக்குப் பத்தி எழுதுகிறேன் என்று பெயர்.

“நான் வைக்கிறேன்” என்றேன்.

அவள் சிரித்தாள். “நீயா? பார்சல் கொயம்பு வாங்கிக்கினு வருவ. அதத் துன்னுட்டு உனுக்கு பிபி ஏறும். எனுக்கு இன்னொரு பேஜாரு.”

“அடுத்த சனிக்கிழமை வரைக்கும் கிச்சன் என்னுது. நீ உள்ள வரக்கூடாது. வியாழக்கிழமை வரைக்கும் பார்த்துட்டு அப்புறம் பதில் சொல்லு.”

வாயைக் கொடுத்தாயிற்று. இனி பின்வாங்க முடியுமா?

நான் இருபத்தெட்டு வருஷம் தொழிற்சாலையில் தரம் பார்த்தவன். எங்கள் தொழிலில் ஒரே மந்திரம்தான் - எத்தனை செய்தாலும் எல்லாம் ஒரே மாதிரி வர வேண்டும். அந்தப் புத்தி எங்கே போகும்? ஆறு நாள் குழம்புக்கும் சேர்த்து ஒரே அடியாக மசாலா தயார் செய்துவிட்டால், தினமும் இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது என்று கணக்குப் போட்டேன். அதற்குத்தான் அந்த இரண்டு கிலோ. வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு எல்லாவற்றையும் வதக்கி, அரைத்து, ஆறு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் அடுக்கினேன். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு லேபிள். திங்கள், செவ்வாய், புதன்... பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

திங்கட்கிழமை முட்டைக் குழம்பு. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. வசந்தா சாப்பிட்டுவிட்டு, “பரவால்ல, நல்லாத்தான் கீது” என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை கொண்டைக்கடலைக் குழம்பு. முதல் வாய் வைத்ததும் தட்டைப் பார்த்தாள்.

“இது நேத்து வச்சதுதான?”

“நேத்து முட்டை. இது கடலை.”

“முட்டைய எடுத்துட்டு கடலையப் போட்ருக்க. கொயம்பு அதேதான் கீது.”

எனக்குச் சுருக்கென்றது. நானும் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். அதே உப்பு, அதே காரம், அதே வாசனை. தொழிற்சாலையாக இருந்தால் எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்திருக்கும்.

புதன்கிழமை விடியற்காலை ஐந்து மணி. மூன்றாவது டப்பாவை வெளியே எடுத்து வைத்தேன். கழுத்தில் ஐடி கார்டை மாட்டிக்கொண்டு கிளம்பிய வசந்தா, சமையலறை வாசலிலேயே நின்றாள். உள்ளே வரக்கூடாது என்று நான்தானே சொல்லியிருந்தேன்?

“அது இன்னா, வெங்காயமா?”

“ஆமா. ஏன்?”

“இன்னிக்கு அமாவாச.”

திருவள்ளூரில் இருந்துகொண்டு அமாவாசையை மறக்கிறவன் உண்டா? முந்தின நாளே வெளியூர் ஜனம் வந்து கோயிலைச் சுற்றித் தெருவெல்லாம் படுத்திருக்கும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தக் கூட்டத்தில் முட்டி மோதித்தான் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கி வந்தேன். என்ன கூட்டம் இது என்று ஒரு விநாடி யோசித்தேனா? லேபிள் ஒட்டியவனுக்குக் காலண்டர் பார்க்கத் தோன்றவில்லை. அதுவும் படையல் யாருக்கு? என் அப்பாவுக்கு. அன்றைக்கு எங்கள் வீட்டில் வெங்காயம், பூண்டு இரண்டும் ஆகாது. இத்தனை வருஷமாக அமாவாசைதோறும் மூன்றரை மணிக்கே எழுந்து சமைத்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள் வசந்தா. என் அப்பாவுக்காக!

“உங்கப்பாவுக்குத்தான படைக்கணும், உனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்” என்றாள். தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. “சரி, விடு. நான் பர்மிஷன் போட்டுட்டு வந்து பண்ணிக்கிறேன்.”

அந்த ‘விடு’ இருக்கிறதே... திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. மறுநாள் சூப்பர்வைசர் வேலைக்குப் பதில் சொல்ல வேண்டியவள், இன்றைக்குக் குழம்புக்காகப் பர்மிஷன் கேட்டு நிற்பதா?

“பர்மிஷன்லாம் போடாத. நீ போ. பதினோரு மணிக்கு காக்கா சாப்பிடும்” என்றேன்.

அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். நான் மூன்றாவது டப்பாவைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜை முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். புளித்த தயிர் இருந்தது. பாதி வெள்ளைப் பூசணி இருந்தது. தேங்காய் ஒரு மூடி. மோர்க்குழம்புக்கு வேறு என்ன வேண்டும்?

துவரம்பருப்பு, கொஞ்சம் பச்சரிசி ஊறப் போட்டேன். குளித்துவிட்டு வந்து அதைத் தேங்காய், பச்சை மிளகாய், சீரகத்தோடு அரைத்தேன். பூசணியை வேகவைத்து, அரைத்ததைச் சேர்த்துக் கொதிக்கவிட்டு, பாதித் தயிரைக் கடைந்து ஊற்றினேன். ஐந்து நிமிஷம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷம் கழித்துச் சட்டியைப் பார்த்தால், குழம்பு திரிந்து தண்ணீர் தனியாக, தயிர் தனியாக நிற்கிறது.

விடுவேனா? மீதித் தயிர் இருக்கிறதே. கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். மறுபடி முதலிலிருந்து ஊறப் போட்டு அரைத்தேன். இந்த முறை அடுப்பைச் சின்னதாக வைத்து, கண்ணை எடுக்காமல் சட்டியையே பார்த்தேன். ஓரத்தில் நுரை கூடி வந்ததும் சட்டென்று இறக்கிவிட்டேன். கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினேன். ஊறிய நேரத்தைத் தள்ளிவிட்டால் இரண்டாவது சட்டிக்கு ஆனது இருபது நிமிஷம். வெங்காயம் ஒன்றுகூட உரிக்கவில்லை.

வாழைக்காய் வறுத்து, அப்பாவுக்குப் படைத்து, மாடியில் சோறு வைத்தேன். பதினொன்றே காலுக்குக் காகம் வந்தது. சாய்ந்து பார்த்தது, யோசித்தது, சாப்பிட்டது. எத்தனை அமாவாசைக்கு இதை அவள் வேலைக்குப் போகிற அவசரத்தில் செய்திருப்பாள்!

லைனில் போன் எடுக்கக் கூடாது. அதனால் அவளுக்குத் தகவல் சொல்ல வழியில்லை. பன்னிரண்டிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பர்மிஷன் போட்டிருந்தால் மூன்று மணிக்குள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வழக்கம்போல் ஐந்து மணி பஸ்ஸில்தான் வந்தாள்.

சூடாகச் சோறு வடித்து மோர்க்குழம்பை ஊற்றினேன். பிசைந்து சாப்பிட்டாள். இன்னும் ஒரு கரண்டி கேட்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்து, “பெருங்காயம் போடலியா?” என்றாள்.

“மறந்துட்டேன்.”

“அடுத்த தபா போடு.”

சீக்கிரம் ஆகிற குழம்பை நான் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. மோர்க்குழம்பு, வத்தக்குழம்பு, மிளகுக்குழம்பு என்று நம் வீடுகளில் நிறையவே இருக்கிறது. எல்லாம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பெண்கள் வைத்துப் பழகியவை. இருபது நிமிஷம்தான். அந்த இருபது நிமிஷத்தை வாங்கிக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாமல், எத்தனை பேர் எத்தனை நல்ல விஷயத்துக்கு ‘வேணாம்’ சொல்லியிருப்பார்கள்?

வியாழக்கிழமை சாயங்காலம் தெருமுனையிலேயே போய் நின்றேன். பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியது ஸ்டெல்லா. “அண்ணா, அக்கா சரின்னு சொல்லிடுச்சு” என்றாள். பின்னால் இறங்கிய வசந்தா காதில் விழாதமாதிரி நடந்தாள்.

நான் அங்கிருந்தே நேராகக் கடைக்குப் போய்ப் பெருங்காயம் வாங்கினேன். இருப்பதிலேயே பெரிய டப்பாவாக.