பதினொரு ஐஸ் துண்டுகள்

நாங்கள் செய்த உணரி ஒவ்வொன்றும் ஒரு கேழ்வரகு மணி அளவுதான். செயற்கைக்கோளின் வெளிப்புறத்தில் ஒட்டியிருந்து, அங்குள்ள வெப்பத்தை அளந்து கீழே சொல்ல வேண்டும். கொதிக்கும் வெயிலையும் உறையும் நிழலையும் அவை தாங்கிவிட்டன. கதிர்வீச்சைத் தாங்குமா என்று பார்ப்பது எழுபதுகளின் நடுவில் என் வேலையாக இருந்தது.

மெட்ராஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருபத்து நான்கு உணரிகளுக்குக் கதிர் காட்டினோம். அளக்கும் கருவியோ பெங்களூரில். கதிர் பட்ட உணரி சூட்டில் கிடந்தால், அதன் பழுது பாதி தானாகவே ஆறிவிடும். பிறகு அளந்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகப் பொய்க்கணக்கு வரும். அதனால் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, அதற்குள் உணரிகள் இருந்த குப்பியை வைத்து எடுத்துப்போவோம்.

அந்தச் சித்திரையில், மகளுக்குச் சுரம் என்று கார்டு வந்திருந்தது. அவளுக்கு நான்கு வயது. பிளாஸ்க்கோடு பெங்களூர் போகும் வழியில் மொரப்பூரில் ரயிலை விட்டிறங்கி, பஸ் பிடித்துப் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போனேன். வீட்டில் வைத்து மூடியைத் திறந்து எண்ணினேன். பதினொரு துண்டுகள் இருந்தன. பெங்களூர் போய்ச் சேர ஏழு வேண்டும்.

என் மனைவி கிண்ணத்தோடு வந்தாள். "ஏங்க, ஐஸா அது? இங்க குடுங்க. சோடாக்கடையில மூணு நாளா கரண்ட் இல்லைங்கறான்."

"எல்லாத்தையும் குடுத்தா இது கெட்டுரும். ஆறு மாச வேலை."

"இதுக்கு என்னங்க, சொரமா அடிக்குது? சொரம் எம்மவளுக்கு."

நான்கு துண்டுகளை எடுத்துப் போட்டேன். அவள் கிண்ணத்தை நீட்டியபடியே நின்றாள்.

"எண்ணறதுல கெட்டிக்காரராச்சே. இன்னும் எண்ணுங்க."

பிளாஸ்க்கை மூடிவிட்டேன். மூன்று துண்டுகளைத் துணியில் சுற்றி நெற்றியில் வைத்தாள். ஒன்றைக் குழந்தை வாயில் வாங்கி உறிஞ்சியது. சுரம் கொஞ்சம் தணிந்தது போலிருந்தது. இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பினேன்.

ஓசூருக்கு முன்னால் பஸ் பழுதாகி மூன்று மணி நேரம் வெயிலில் நின்றது. அந்த ஏழும் வெந்நீராகின. பெங்களூரில் அளந்தபோது இருபத்து நான்கும் தேறின. மேலதிகாரிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. ஐஸ் உருகிவிட்டதைச் சொன்னேன்.

"அப்ப இந்த ரிசல்ட் செல்லாது. எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டு, மறுபடி மெட்ராஸ் போங்க" என்றார்.

மெட்ராஸில் இருந்தபோதுதான் தந்தி வந்தது. நான் வீட்டைவிட்டுக் கிளம்பிய ஐந்தாம் நாள் குழந்தை போய்விட்டது.

மூளைக்காய்ச்சல், இன்னும் எவ்வளவு ஐஸ் வைத்திருந்தாலும் பிழைத்திருக்காது என்று டாக்டர் சொன்னார். மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி என்னிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் நான் எதையாவது எண்ணத் தொடங்கினால், எழுந்து வெளியே போய்விடுவாள். இன்றும் அப்படித்தான். காலை மாத்திரைகள் ஆறு. அவற்றைச் சமையலறையில் நின்று, வாய் திறக்காமல் எண்ணிக்கொள்கிறேன்.