ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில், இரும்புலியூரில் இருந்துகொண்டே அப்பா வியன்னாவில் வீடு தேடினார். அக்கா கல்யாணமாகி அங்கேதான் போயிருந்தாள். தலைப்பிரசவம். ஊருக்கு அனுப்ப முடியாது என்று மாமா, அதாவது அவள் கணவர், சொல்லிவிட்டார். தங்கள் வீடு சின்னது, வருகிறவர்கள் வெளியே தங்கிக்கொள்ளட்டும் என்றும் சொன்னார்.

“பொண்ணு இருக்கிற ஊர்ல வாடகை வீடா? கீழ் போர்ஷன்ல கேட்டா என்ன சொல்றது?” என்று அம்மா அழுதாள். யார் கேட்டாலும் மாப்பிள்ளை வீட்டில்தான் தங்கப்போகிறோம் என்று சொல்ல எனக்குப் பயிற்சி நடந்தது.

அப்பா ஆபீஸ் விட்டு வந்ததும் லேப்டாப்பைத் திறப்பார். அங்கே ஓர் இரவு தங்கும் வாடகையில் எங்கள் மாடியில் ஒரு மாதம் இருந்துவிடலாம். மலிவாக ஏதாவது அகப்பட்டால், சுத்தம் செய்யும் கட்டணம் என்று ஒன்று கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ளும். “நானே பெருக்கித் துடைச்சுட்டு வர்றேன்னு எழுதுங்க” என்றாள் அம்மா. எழுதினார். எல்லா வீட்டுக்காரர்களிடமும் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று தவறாமல் கேட்டார். எப்போதும் வரும் என்று பதில் போட்ட ஓர் அம்மையாரை அவர் கடைசிவரை நம்பவில்லை.

ஒருவழியாக அக்கா வீட்டுக்குப் பின்தெருவிலேயே ஒன்று கிடைத்தது. சமைத்துச் சூடு ஆறாமல் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அப்பா வீடியோ காலில் பெருமையாகக் காட்டினார். அக்கா ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“இது வேணாம்ப்பா. ஆத்துக்கு அந்தப் பக்கமா பாருங்க. இன்னொரு ரூம் இருக்கிற மாதிரி. அவர்கிட்ட அட்ரஸ் சொல்லாதீங்க.”

அப்பா ஏன் என்று கேட்கவில்லை. அத்தனை நாள் ஒவ்வொரு வீடாகக் கழித்துக்கட்டியவர், அன்று வாடகையைக்கூடப் பார்க்காமல் பதிவு செய்தார். அந்தக் கூடுதல் அறை எனக்குத்தான் என்று தெருப் பிள்ளைகளிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, நிறைமாத வயிற்றோடு ஒரு பெட்டியை உருட்டிக்கொண்டு அக்கா வந்தாள். முழங்கைக்கு மேலே கன்றிப்போயிருந்தது. அம்மா அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். மாமா எப்போது வருவார் என்று கேட்டேன். அப்பா எழுந்து போய்க் கதவைப் பூட்டினார்.

இவ்வளவு தூரம் ஊர் சுற்றிப் பார்க்க வந்துவிட்டு, காலையிலேயே கதவைப் பூட்டுகிறாரே என்று எனக்கு ஆற்றாமையாக வந்தது. நானும் அழுதேன். எல்லாரும் அழுதுகொண்டிருந்ததால், நீ ஏன் அழுகிறாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை.