பாதியில் நின்ற ஒப்பாரி

வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை இது. கோடு போட்ட தாளில் எழுதினாலும் எழுத்து மேலே ஏறிப் போகிறது. முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதிவிடுவேன். சிலது சுத்தமாக மறந்தும் போகிறது. மறந்துபோன ஒன்றுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எம்.ரெட்டியபட்டியைத் தாண்டி இருக்கிறது எங்கள் ஊர். பருத்தியும் கம்பும் மழையை நம்பி நிற்கிற காடு. அருப்புக்கோட்டைக்குப் போகிற வழியில் போர்க்குழாய்த் தண்ணீர் உள்ள ஒரு மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. மொட்டு விரிவதற்கு முன்னால் எடுக்க வேண்டும் என்பதால் கருக்கலிலேயே ஷேர் ஆட்டோ வந்துவிடும். அதில் நெருக்கி உட்கார்ந்து போகிற பொம்பளைகளில் நான்தான் வயதில் பெரியவள். பேச்சில்தான் ரொம்பச் சின்னவள். நாலு பேர் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்த ஆட்டோவில் பாட்டுத்தான் முக்கியம். ஓட்டுகிற தம்பி பின்பக்கம் பெரிய ஸ்பீக்கர் வைத்திருந்தார். யார் முதலில் ஏறுகிறார்களோ அவர்கள் கேட்கிற பாட்டு முதலில் ஓடும். அதற்காகவே இருட்டில் ஓடிவந்து ஏறுவார்கள். ஒருத்திக்குப் புல்லாங்குழலில் ஆரம்பிக்கிற பாட்டு வேண்டும். ஒருத்திக்குக் கருப்பு வெள்ளைப் படத்துச் சோகப் பாட்டு. வீரசோழனிலிருந்து வேலைக்கு வருகிற ஒரு அக்கா, அவர்கள் வீட்டு விசேஷங்களில் போடுகிற அல்லா பாட்டு ஒன்றைப் போடச் சொன்னார். அந்தக் கணீர் குரலைக் கேட்டு எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

தோட்டத்தில் இறங்கியும் அந்தப் பேச்சு விடாது. யாராவது ஒருத்தி இடுப்பில் போனைச் செருகிக்கொண்டு பாடவிடுவாள். எது நல்ல பாட்டு என்று பார்க்க அவர்களிடம் ஒரு கணக்கு இருந்தது. பூ எடுக்கிற கை தானாக நின்றுபோனால் அது உசுரை உருக்குகிற பாட்டு. நிற்காவிட்டால் அது சும்மா பாட்டு.

"ஏடி, ஓம் பாட்டுக்கு எங் கை இன்னுமில்ல வேகமாப் போவுது. இதப் போட்டா தோட்டக்காரருக்குத்தான் லாபம்."

"ஒனக்கு ரசனை அம்புட்டுத்தான். காது இருக்கவேண்டிய எடத்துல கம்மல் மட்டுந்தான் இருக்கு ஒனக்கு."

"பெரிம்மா, நீங்க சொல்லுங்க. ஒங்களுக்கு எந்தப் பாட்டு?"

நான் சிரித்துவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவேன். "பெரிம்மாவுக்குப் பாட்டே ஆகாது, விடுங்கடி" என்பாள் எங்கள் தெருவிலிருந்தே வருகிற சின்னவள். கூட்டத்தில் வயதில் இளையவள், பாளையம்பட்டியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வாய்த்துடுக்கு, ஆனால் வெள்ளை மனசு.

பாட்டு எனக்கு ஆகாமல் இல்லை. நான் வாய் திறந்து பாடுகிற இடம் ஒன்றே ஒன்று. அது இழவு வீடு.

அது எப்படி என்று எனக்கே தெரியாது. முடியை அவிழ்த்துவிட்டு, பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக் குனிந்துகொண்டால், முகம் யாருக்கும் தெரியாது. அப்போது எனக்குக் குரல் வரும். எங்கள் பக்கத்தில் ஒப்பாரியில் எதையும் சொல்லலாம். செத்தவர்களைத் திட்டலாம், கஞ்சி ஊற்றாத மகனைக் குத்தலாம், சீர் கொண்டுவராத அண்ணனை இழுக்கலாம். அதற்கு யாரும் கோபப்படக் கூடாது. பாடியதெல்லாம் அந்தப் பந்தலோடு சரி. குளித்துத் தலை முழுகினால் அதுவும் தண்ணீரோடு போய்விடும். பிறகு அதை எடுத்துப் பேச மாட்டார்கள். வீட்டுக்குள் சும்மா முணுமுணுக்கவும் மாட்டார்கள். சாவை வாசலுக்கு அழைப்பது மாதிரி அது.

போன வருசம் கோடையில் என் மதினி இறந்துபோனார். கூடப்பிறந்த அண்ணன் பொண்டாட்டி. அண்ணன் போனபிறகு இத்தனை வருசம் எனக்கு அவர், அவருக்கு நான். அவருக்கு ஒரே மகள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சேதி போனதும் "நாளைக்கு வாரேன், நாளைக்கு வாரேன்" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏற்றுமதிச் சரக்கு முடியாமல் லீவு தரவில்லையாம். எங்களுக்கு அது அப்போது தெரியாது. மதினி வாசலைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடிவிட்டார்.

நான் பாடினேன். வயிறு எரிந்து பாடினேன். அதில் இந்த வரிகள் வந்தன:

விடியு முன்னே வெளக்கேத்தி வாசலயே பாத்திருந்தே
போனுல வந்த கொரலுக்குப் பொழுதெல்லாம் காத்திருந்தே
பேச்சு வந்து சேந்துச்சே எம் மதினி
பெத்த மக வரலியே

அப்புறம்தான் அவள் வந்தாள். பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடியே வந்தாள். நான் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டே வேறு பாட்டுப் பாடினேன். எடுத்துச் சொன்ன குறையையெல்லாம் ஒப்பாரியே திருப்பி வாங்கிக்கொள்ளும். அப்படித்தான் முறை. மதினி பேசுவது மாதிரி நான் பாட, அவள் என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மூச்சு சீராகி அழுகை அடங்கியது. அதைப் பார்த்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கருமாதி முடிந்து அவள் திருப்பூருக்குப் போனாள். நான் திரும்பப் பூ எடுக்கப் போனேன். ஆட்டோவில் சின்னவள் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு ஒரு புதுப் பாட்டு. யாரு குரலுன்னு சொல்லுங்க பாப்போம்."

பாட்டு ஓடியது. மேளம் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஒரு பொம்பளைக் குரல். இரண்டு வரி போனபிறகுதான் அது என் குரல் என்று எனக்கே தெரிந்தது. மதினி சாவில் நான் பாடியதைச் சின்னவள் போனில் பிடித்து வைத்திருக்கிறாள்.

ஓட்டுகிற தம்பி சட்டென்று வண்டியை ஓரம் கட்டிவிட்டார். "ஏம்மா, காலங்காத்தால வண்டியில ஒப்பாரியா? நேத்துத்தான் லோனு கட்டிட்டு வந்தேன். அமத்துங்கம்மா."

"முழுசாக் கேளுங்கண்ணே. அப்புறம் சொல்லுங்க."

அவர் முனகிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் வண்டியை எடுத்தார். மறுநாள் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டு, "அந்தப் பாட்ட எனக்கும் அனுப்பும்மா" என்றார்.

தோட்டத்தில் அன்றைக்கு எல்லார் கையும் நின்றது. "கை நின்னுபோச்சு பெரிம்மா! இத்தன நாளு இந்தத் தொண்டைய எங்க ஒளிச்சு வச்சிருந்தீக?" என்று சுற்றி நின்றுகொண்டார்கள். வீரசோழன் அக்கா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். இது பாட்டு இல்லை, இது என் மதினியோடு போன பேச்சு, அழித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை. "சும்மா இருங்கடி" என்று மட்டும் சொன்னேன். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னேன். மறுநாள் ஆட்டோ வந்தபோது, இன்றைக்கும் போடுவார்களா என்று என் மனசு எதிர்பார்த்தது. போட்டார்கள். மதினியின் சாவில் பாடியதை நான் காதால் தின்றுகொண்டு வந்தேன். என் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே உடைகிறது என்று ரசித்தேன். அந்த வரியில் குத்துப்படுகிற பிள்ளையை ஒரு நாளும் நினைக்கவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது.

சின்னவள் அதைப் பாளையம்பட்டியில் இருக்கிற அக்காவுக்கு அனுப்பினாள். அந்த அக்கா யார் யாருக்கு அனுப்பினாளோ தெரியாது. நல்ல பாட்டு கிடைத்தால் நாலு பேருக்குச் சொல்வதுதானே எல்லாரும் செய்வது.

ஆவணி வாக்கில் மதினி மகள் ஊருக்கு வந்தாள், அம்மா வளர்த்த ஆடுகளுக்கு ஒரு ஏற்பாடு பண்ண. திரும்பிப் போகிற அன்றைக்குக் கருக்கலிலேயே எங்கள் ஆட்டோவில் ஏறினாள், டவுனுக்குப் போய்ப் பஸ் பிடிக்க. எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். தம்பிக்கு அவளைத் தெரியாது. வழக்கம்போல என் பாட்டைப் போட்டுவிட்டார்.

சின்னவள் பதறி, அதை அமத்த முன்னால் எட்டிக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும். ஓடட்டும்" என்றாள் மதினி மகள்.

ஓடியது. நான் தூக்குச்சட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெத்த மக வரலியே என்கிற இடத்தோடு பாட்டு நின்றுவிடும். எப்போதும் அங்கேதான் நிற்கும்.

"ஏன் அத்தை, இதுக்கப்புறம் நான் வந்தேன்ல?"

"ஆமாத்தா, வந்தே."

"என்னையக் கட்டிக்கிட்டுப் பாடுனீகளே. அது எங்க?"

நான் சின்னவளைப் பார்த்தேன். அவள் அழுதுவிட்டாள். "நீங்க ஓடியாந்தீகல்லக்கா, விழுந்துருவீகன்னு நாந்தான் எந்திரிச்சு வந்து பிடிச்சேன். போன அமத்தி இடுப்புல வச்சிட்டேன்."

"திருப்பூருல நான் தங்கியிருக்கிற எடத்துல நம்ம பக்கத்துப் பிள்ளைக போட்டுக் கேக்குதுக அத்தை. நல்ல பாட்டுன்னு எனக்கே அனுப்புனா ஒருத்தி. தெனம் போடுதாக. அந்தப் பாட்டுல வார்ற மக நீதானான்னு கேக்காக. வந்தேன்னு சொன்னா, பாட்டுல இல்லியேங்கிறாக." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "அவுக கேட்டா கேட்டுட்டுப் போறாக. ராத்திரி படுத்தா எனக்கே நான் வரலியோன்னு தோணுது" என்றாள்.

ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் கண்மாய்க் கரையில் இறங்கிக்கொண்டோம். வீடு வாசல் இல்லாத இடம், இங்கே பாடினால் தோசம் இல்லை என்று அவளே யோசித்திருந்தாள். தண்ணீர் இல்லாத கண்மாய். கருவேல மரத்தடியில் உட்கார்ந்து போனை எடுத்து என் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"அன்னைக்குப் பாடுனத அப்படியே பாடுங்க அத்தை. ஆத்தா எனக்குச் சொன்ன மாதிரி பாடுனீகளே, அது."

எனக்கு வரவில்லை. கண்ணை மூடினேன், குனிந்தேன், அவள் தோளையும் பிடித்துப் பார்த்தேன். ஆட்டோவில் தினம் தினம் கேட்டதால் முதல் பாட்டு மட்டும் வரி பிசகாமல் நாக்கில் நின்றது. அவளைத் தேற்றிய பாட்டு ஒரு சொல்கூட மேலே வரவில்லை. சங்கடம் தாங்காமல் அந்த இடத்திலேயே ஒன்றைக் கட்டிப் பாடினேன். மடியைத் தந்தேன், மாலையைத் தந்தேன் என்று ஏதோ வந்தது. அவள் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அது இல்ல அத்தை" என்றாள்.

அழவில்லை, கோபப்படவும் இல்லை. போனைப் பைக்குள் வைத்தாள். என்னைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, சேலையில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்துப் போட்டாள். பஸ் வந்ததும் ஏறிப் போனாள். "போயிட்டு வாரேன்" என்று சொன்னாளா, "போறேன்" என்று சொன்னாளா, அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

சின்னவள் அந்தப் பாட்டை அழித்துவிட்டாள். ஆட்டோத் தம்பியும் அழித்துவிட்டு என்னிடம் போனைக் காட்டினார். மற்றவர்கள் போனில் என்ன இருக்கிறதோ நமக்குத் தெரியுமா. பிறகு மகள் போன் பண்ணவில்லை என்று சொல்ல மாட்டேன், பண்ணுகிறாள். சாப்பிட்டீகளா அத்தை என்று கேட்கிறாள். அந்தப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. எடுக்காததுதான் எனக்கு ஆறவில்லை.

இருந்து இருந்து யோசித்ததில் இரண்டு துண்டு தட்டுப்பட்டிருக்கிறது. ஒன்று, "செருப்புக் காலோட ஓடியாந்த செல்ல மக" என்று பாடிய மாதிரி இருக்கிறது. ஆனால் அவள் வெறுங்காலோடு வந்ததாகச் சின்னவள் சொல்கிறாள். இன்னொன்று, "நீ வந்த காலடிய நெஞ்சுக்குள்ள கேட்டுத்தான்டி கண்ண மூடினேன்" என்பது. இது அன்றைக்குப் பாடியதா, பிறகு என் ஆசைக்கு நானே சேர்த்துக்கொண்டதா, தெரியவில்லை. அந்தப் பந்தலில் நிறையப் பொம்பளைகள் இருந்தார்கள். என் தோளைப் பிடித்துக் கூடவே பாடியவர்களும் உண்டு. உங்களில் யாருக்காவது அந்த வரிகள் தெரிந்தால், நான் எழுதியதில் எது சரி, எது தப்பு என்று பார்த்துச் சொல்லுங்கள். என்னிடம்கூடச் சொல்ல வேண்டாம். அவளிடம் சொல்லிவிடுங்கள்.